வேல்ஸ் கடற்கரைக் கேரவன் பூங்காவில் பேரக்குழந்தைகளோடு ஒரு வாரம்: கூடாரமா, இழுவைக் கேரவனா, ஸ்டாடிக் கேரவனா?

கோபிசெட்டிபாளையம் வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். வரும் ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். அந்தச் சமயத்தில் வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கரையில், டென்பி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேரவன் பூங்காவில் எல்லோரும் சேர்ந்து ஒரு வாரம் தங்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். எங்கே படுப்பது என்பதில்தான் வீட்டுக்குள் இன்னும் முடிவு வரவில்லை.

பேரனுக்கும் பேத்திக்கும் கூடாரம்தான் வேண்டுமாம். "அப்புச்சி, நீங்களும் எங்களோடு டெண்ட்டில்தான் படுக்க வேண்டும்" என்று தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்கு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுக்க ஆசை. மகளோ, பூங்காவிலேயே நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கும் ஸ்டாடிக் கேரவனைப் பதிவு செய்தால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது என்கிறாள். கடைசியில், "நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுவே ஆகட்டும் அப்பா" என்று முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. தரையில் உட்கார்ந்தால் பிடித்துக்கொண்டுதான் எழ முடியும். எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வேளையாவது நம்முடைய சோறு இல்லாவிட்டால் இருவருக்கும் வயிறு ஒத்துழைக்காது. நம் பக்கத்தில் கடல் என்றால் திருச்செந்தூருக்கோ இராமேசுவரத்துக்கோ போய் நீராடிவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ வண்டியேறிவிடுவோம். கடற்கரையிலேயே ஒரு வாரம் குடியிருந்து பழக்கமில்லை. கொடிவேரியிலும் பவானி கூடுதுறையிலும் குளித்து வளர்ந்தவன் என்பதால் தண்ணீரைக் கண்டு பயமில்லை. ஆனாலும் அந்தக் கடல் எப்படிப்பட்டது, பிள்ளைகளை நம்பி இறக்கலாமா என்று தெரியவில்லை. அங்கே தங்கிப் பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பெருந்துறை வாசகி எழுதியது:

அண்ணா, உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். மகள் குடும்பத்தோடு இப்படிப்பட்ட பூங்காக்களில் தங்கிய அனுபவம் எனக்கு உண்டு என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: உங்கள் இருவருக்கும் ஸ்டாடிக் கேரவன்தான் சரி.

பெயரில் கேரவன் என்று இருந்தாலும் அது ஒரு சிறிய வீடுதான். பன்னிரண்டு அடி அகலமும் முப்பத்தைந்து அடிக்கு மேல் நீளமும் இருக்கும். இரண்டு அல்லது மூன்று படுக்கையறை, சோபா போட்ட கூடம், அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள சமையல் பகுதி, வெந்நீர் வரும் குளியலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே அமைந்திருக்கும். கூடாரத்தில் தங்கினால் இவற்றில் பலவற்றுக்குப் பொதுக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். நள்ளிரவில், ஈரப் புல்லில், கையில் டார்ச்சோடு, மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குப் போய்வருவது முழங்கால் வலி உள்ளவருக்கு ஒத்துவராது. ஆகஸ்டு அங்கே கோடைதான் என்றாலும் பகலில் இருபது டிகிரியை ஒட்டியே வெயில் இருக்கும். இரவில் அது பன்னிரண்டு, பதிமூன்றுக்கு இறங்கிவிடும். கடற்காற்றும் சேர்ந்தால் நம் மார்கழியைவிடக் குளிர் அதிகமாகத் தெரியும்.

பதிவு செய்யும்போது மாப்பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஸ்டாடிக் கேரவனின் தரை, நிலத்திலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்ந்திருக்கும். ஏறுவதற்கு மூன்று நான்கு படிகள் இருக்கும். கைப்பிடி உள்ள படி வேண்டும் என்றோ, சாய்தளம் வைத்தது வேண்டும் என்றோ முன்கூட்டியே சொன்னால் பல பூங்காக்களில் ஒதுக்கித் தருவார்கள். சில இடங்களில் படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேராது என்பதால் அதையும் கேட்டுவிடுவது நல்லது. அறைகள் மிகச் சிறியவை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் பக்கவாட்டில்தான் நகர முடியும். அதனால் பெரிய பெட்டிகளை மகள் வீட்டிலேயே வைத்துவிட்டு ஆளுக்கொரு கைப்பையோடு போங்கள்.

குளியலறை விஷயத்தை அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சிறு கூண்டுக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். அதற்கு வெளியே தண்ணீர் போக வழி கிடையாது. தரையெல்லாம் மரப் பலகை. வாளியில் நீர் பிடித்து மொண்டு ஊற்றிக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே ஆகாது. தண்ணீர் கீழே இறங்கினால் பலகை ஊறிவிடும். கழிப்பறைக்கு ஒரு பிளாஸ்டிக் சொம்பைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். அரிசிம்பருப்புச் சாதம் அந்த அடுப்புக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். ஒரே குக்கரில் ஆறு பேருக்கு ஆகிவிடும், கழுவுவதற்கும் ஒரே பாத்திரம். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கூரை தாழ்வாக இருப்பதால் மிளகாய்ப் புகை உடனே புகை எச்சரிக்கைக் கருவியை எட்டிவிடும். அது அலறத் தொடங்கினால் பக்கத்துக் கேரவன்காரர்களும் வெளியே வந்துவிடுவார்கள். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, வறுத்த நிலக்கடலை ஆகியவற்றை இங்கிருந்தே கொண்டு போகலாம். நெய், வெண்ணெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் இந்தியாவிலிருந்து அந்த நாட்டுக்குள் கொண்டு போக அனுமதி கிடையாது. பச்சைக் காய்கறிக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிக் கொண்டு போக வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றும். விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரிஸ்டலிலேயே இந்தியக் கடைகள் இருக்கின்றன. டென்பிக்குக் கிளம்புமுன் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.


கரூர் வாசகர் எழுதியது:

ஐயா, நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன். பணி நிமித்தமாக அந்நாட்டுக் கேரவன்களின் கட்டுமானத்தைப் படித்திருக்கிறேன். இழுவைக் கேரவனை எடுக்க நினைக்கும் உங்கள் மாப்பிள்ளைக்காகச் சில செய்திகளை எழுதுகிறேன்.

முதலில் உரிமம். பிரிட்டனில் கார் ஓட்டும் தேர்வில் வென்றவர்கள் பின்வண்டி இழுப்பதற்கென்று தனித் தேர்வு எழுத வேண்டும் என்றிருந்த விதி 2021 டிசம்பர் 16 முதல் நீங்கிவிட்டது. 3,500 கிலோ வரையிலான பின்வண்டியை இழுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பழக்கமில்லாதவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நீண்ட பயணத்துக்குக் கிளம்புவது சரியல்ல என்பதே என் கருத்து. சாமான் ஏற்றிய கேரவனின் எடை, இழுக்கும் காரின் வெற்றெடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது புதியவர்களுக்குப் பாதுகாப்பு என்று அங்குள்ள கேரவன் சங்கங்கள் சொல்கின்றன. கேரவனை மாட்டும் காரின் கொக்கி மேல் இறங்கும் எடை, கேரவனின் எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டும். அது குறைந்தால், அதாவது கனமான சாமான்களை எல்லாம் பின்பக்கம் அடுக்கிவிட்டால், வேகம் கூடும்போது பின்வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்து இழுத்துவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். நாமக்கல்லில் டிரெய்லர் ஓட்டும் எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

இழுவை வண்டியோடு போகும்போது வேக வரம்பும் குறைவு: நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுத்தடுப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார் வழியிலும் 60 மைல். மூன்று தடமுள்ள மோட்டார் வழியில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது. வண்டி ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரவும் கூடாது. அக்கா படுத்துக்கொண்டே வரலாம் என்று மாப்பிள்ளை நினைத்திருந்தால் அதற்கு வழியில்லை.

போய்ச் சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி நான்கு மூலைக் கால்களையும் இறக்க வேண்டும். குழாயிலிருந்து தண்ணீர்ப் பீப்பாயை உருட்டி வர வேண்டும். கழிவு நீர்த் தொட்டியையும் கழிப்பறையின் அடிப்பெட்டியையும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொண்டு போய்க் கொட்ட வேண்டும். விடுமுறைக்கு வந்த மனிதர் இதிலேயே நேரத்தைச் செலவிடுவார். அதை விரும்பிச் செய்பவர்கள் ஏராளமானோர் உண்டு. ஆனால் மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகள் என்று எல்லோரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய முதல் பயணத்தில் இந்தச் சுமையும் அவருக்கு எதற்கு?

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. இழுவைக் கேரவனுக்கும் கூடாரத்துக்கும் தரும் இணைப்பு 10 அல்லது 16 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். அங்குள்ள மின் கெண்டிகள் பல 3,000 வாட் என்பதால், ஒன்றைப் போட்டாலே இணைப்பு துண்டித்துக்கொள்ளும். ஸ்டாடிக் கேரவனில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. நம் மின்னழுத்தமும் அவர்களுடையதும் ஒன்றே என்பதால் சிறிய மிக்ஸி ஒன்றைத் தாராளமாக எடுத்துப் போகலாம். அவர்களுடைய பிளக்கின் கால்கள் பட்டையாக இருக்கும் என்பதால் மாற்று பிளக் மட்டும் வேண்டும்.

கடைசியாக, மிக முக்கியமானது. கூடாரத்தில் தங்கினாலும் கேரவனில் தங்கினாலும், குளிருக்காகவோ மழைக்காகவோ கரியடுப்பை உள்ளே கொண்டு வரக் கூடாது. அணைந்துவிட்டது போலத் தோன்றினாலும் கூடாது. சாம்பல் பூத்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூடாரத்துக்குள் வைத்த கரியடுப்பால் உறக்கத்திலேயே உயிரிழந்தவர்கள் அந்த நாட்டில் உண்டு. கேரவனுக்குள் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று, உள்ளே போனவுடன் பொத்தானை அழுத்திச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.


திருப்பூர் வாசகர் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் ஸ்வான்சியில் படித்தவன். டென்பிக் கடற்கரையை நன்கு அறிவேன். தங்குமிடத்தைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நீங்கள் கேட்ட கடலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நம்மூர்க்காரர்கள் அங்கே ஏமாறுவது கடலிடம்தான்.

நம் தமிழ்நாட்டுக் கரைகளில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். அதனால் கடல் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. வேல்ஸுக்கும் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள கடற்பகுதியான பிரிஸ்டல் கால்வாய் அப்படியல்ல. உலகிலேயே மிகப் பெரிய ஓத வேறுபாடு உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. உங்கள் மகள் வீட்டுக்கு அருகிலுள்ள ஏவன்மவுத்தில் 14 மீட்டரை எட்டும். டென்பி இன்னும் மேற்கே, கால்வாயின் வாய்ப்பகுதியில் இருப்பதால் அங்கே ஏறக்குறைய அதில் பாதிதான். அதுவே இரண்டு மாடி உயரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு அதிகம். அட்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. ஊரில் நாள்காட்டி பார்த்துப் பழகிய உங்களுக்கு இது எளிதாகவே புரியும்.

டென்பித் துறைமுகத்தில் காலையில் படகுகள் மிதந்துகொண்டிருக்கும். மதியம் போய்ப் பார்த்தால் அதே படகுகள் ஈர மணலில் ஒருக்களித்துக் கிடக்கும், அவற்றைக் கட்டிய சங்கிலிகள் பாசி படர்ந்து மணலில் நீண்டிருக்கும், பிள்ளைகள் நடுவில் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். கரைக்கு எதிரே செயின்ட் கேத்தரின் தீவு என்று கோட்டையோடு கூடிய ஒரு பாறை இருக்கிறது; வற்றின நேரத்தில் மணலிலேயே நடந்து அதன் அடிவாரத்துக்குப் போய்விடலாம். ஏற்றத்தில் அதைச் சுற்றிலும் கடல்தான். கடல் வற்றுவதற்கும் ஏறுவதற்கும் தலைக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்றாலும் தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் மிகக் குறைவாகவும், நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பாதி அளவுக்கும் ஏறிவிடும். தட்டையான மணலில் அது முன்னால் வருவதைவிட, பக்கவாட்டில் உள்ள பள்ளங்களை முதலில் நிரப்பிக்கொண்டு முதுகுப் பக்கமாக வழியை அடைப்பதுதான் ஆபத்து. கடல் தூரத்தில்தானே இருக்கிறது என்று பாறை மூலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த மணற்பரப்புக்குப் போனவர்கள் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்வது அங்கே ஆண்டுதோறும் நடப்பது.

ஆகவே, பூங்காவின் வரவேற்பறையில் ஓத நேர அட்டவணை இருக்கிறதா என்று போனவுடன் பார்த்து, அதை வைத்து அன்றாடத் திட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். பாறைக் குட்டைகளில் நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கப் பேரக்குழந்தைகளை அழைத்துப் போவதென்றால், கடல் வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், அது திரும்பத் தொடங்கியவுடன் கரையேறிவிடுங்கள்.

குளிப்பதற்குக் கொடிதான் அடையாளம். கோடையில் உயிர்காப்போர் பணியில் இருக்கும் கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டிருப்பார்கள். அவற்றுக்கு இடையில் மட்டுமே இறங்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருந்தால் அந்தப் பகுதி அலைப்பலகைக்காரர்களுக்கு உரியது. முழுச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப் பை பறந்தால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். அன்று பிள்ளைகளின் காற்றடைத்த மிதவைகளைக் கேரவனிலேயே வைத்துவிடுங்கள். இந்த உயிர்காப்போரை அனுப்பும் ஆர்.என்.எல்.ஐ. 1824இல் தொடங்கிய அறக்கட்டளை. இன்றும் அதன் உயிர்காப்புப் படகுகளில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத உள்ளூர் மக்கள்தான். ஆபத்து என்றால் 999ஐ அழைத்து "கோஸ்ட்கார்டு" என்று கேட்க வேண்டும்.

உங்கள் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகஸ்டிலும் அந்தக் கடலின் வெப்பநிலை 16, 17 டிகிரிதான். கொடிவேரியில் குதிப்பது போலத் திடீரென்று இறங்கினால் மூச்சு இரைக்கும், இதயத் துடிப்பும் அழுத்தமும் சட்டென்று ஏறும். மருத்துவரிடம் கேட்காமல் கழுத்தளவு இறங்காதீர்கள். முழங்கால் அளவில் நின்று பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதே போதும். பயணக் காப்பீட்டிலும் அழுத்தத்தை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.


கோபிசெட்டிபாளையம் வாசகர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்டாடிக் கேரவனையே பதிவு செய்யச் சொல்லிவிட்டேன். சாய்தளம் உள்ளதாகக் கேட்டிருக்கிறோம். மாப்பிள்ளையும் கரூர் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, இழுவைக் கேரவனை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இன்னும் இரண்டு கேள்விகள். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. கேரவனுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கூடாரத்தை அவர்களுக்காக அடித்துக் கொடுக்கலாமா? அடுத்தது, நாங்கள் அங்கே இருக்கும்போது கிருத்திகை வருகிறது. சென்னிமலைக்குப் போகாமல் என் மனைவி எந்தக் கிருத்திகையையும் கழித்ததில்லை. அந்தப் பக்கத்தில் முருகன் கோவில் ஏதேனும் உண்டா?


பெருந்துறை வாசகி எழுதியது:

அண்ணா, கூடாரத்தைப் பூங்காவில் கேட்காமல் அடிக்காதீர்கள். ஒரு தங்குமிடத்தில் பிடித்த தீ அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காகக் கேரவன்களுக்கு நடுவில் ஆறு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் கூடாரம் வந்தால் இடைவெளி வைத்த நோக்கமே கெட்டுவிடும். அதனால் பல பூங்காக்களில் இரவில் படுக்க அனுமதிப்பதில்லை, பகலில் விளையாடும் சிறு கூடாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்வார்கள். அதே பூங்காவின் கூடாரத் திடலில் இரண்டு இரவுக்கு மட்டும் தனி இடம் பதிவு செய்து, மாப்பிள்ளை பிள்ளைகளோடு அங்கே படுத்துக்கொள்ளட்டும். நீங்கள் இரவுச் சோறு முடித்து, கதை சொல்லித் தூங்க வைத்துவிட்டுக் கேரவனுக்கு வந்துவிடலாம். ஆகஸ்டில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருப்பதால் நடப்பதற்கும் பயமில்லை. கீழே விரிக்கப் பவானி ஜமுக்காளம் ஒன்றைக் கொண்டு போங்கள்; கூடாரத்தின் பிளாஸ்டிக் தரையிலிருந்து ஏறும் சில்லிப்புக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அதன்மேல் காற்று மெத்தை, போர்த்திக்கொள்ளத் தூங்கும் பை. நம் சென்னிமலைப் போர்வை மட்டும் அந்தக் குளிருக்குப் போதாது.


திருப்பூர் வாசகர் எழுதியது:

கோவில் உண்டு ஐயா. டென்பியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் தொலைவில், கார்மார்த்தனுக்கு வடக்கே லான்பம்செயின்ட் என்ற சிற்றூருக்கு அருகில் ஸ்கந்த வேல் என்ற ஆசிரமம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த குரு சுப்ரமணியம் 1973இல் அதைத் தொடங்கினார். முருகன், மகாசக்தி, அரங்கநாதர் என்று மூன்று சந்நிதிகள், மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்குக்குள் தனித்தனியே அமைந்திருக்கின்றன. பூசை நாள்தோறும் பல வேளைகளில் நடக்கும். வருகிறவர்களுக்குச் சைவ உணவும் கட்டணமின்றிக் கொடுக்கிறார்கள். அசைவமும் முட்டையும் மதுவும் சில நாட்களுக்கு முன்பே தவிர்த்துவிட்டு வர வேண்டும் என்பது அவர்களின் விதி. எத்தனை நாள் என்பதையும் பூசை நேரத்தையும் அவர்களின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப அந்த வாரத்துச் சமையலை அம்மா திட்டமிடட்டும். சந்நிதிகளுக்கு இடையே ஏற்ற இறக்கம் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவரை வண்டியில் எதுவரை கொண்டு போகலாம் என்பதையும் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கிருத்திகையன்று காலையில் கடல் ஏற்றத்தில் இருந்தால் கரையில் நடக்க அதிகம் இடமிருக்காது. அந்த நேரத்திலேயே கோவிலுக்குக் கிளம்பிவிட்டு, கடல் வற்றும் மாலையில் பிள்ளைகளை மணலுக்கு அழைத்துப் போகலாம்.